பட்டியலில் பதினொன்றாவது வரி

முன்பு என்னோடு வேலை பார்த்த அமலா போன மாதம் தொலைபேசியில் அழைத்தாள். புதுச்சேரியில் இரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு மென்பொருள் செய்து தரும் சிறிய நிறுவனம் ஒன்றை நடத்துகிறாள். அதை வாங்கிக்கொள்ள இரண்டு பேர் வந்திருக்கிறார்களாம். ஒருவர் சொந்தமாக நாலைந்து பரிசோதனை நிலையங்கள் வைத்திருக்கும் மருத்துவமனை முதலாளி. மற்றது இதே தொழிலில் இருக்கும் வெளியூர் நிறுவனம்.

“யாருக்குக் குடுக்கலாம் சார்?”

“உனக்கே தெரியுமே.”

“தெரியும். இருந்தாலும் எழுதிக் குடுங்க. வாயால கேட்டா பாதிய முழுங்கிடுவீங்க.”

அவள் சொன்னது சரி. ஆகவே எழுதுகிறேன்.

பதினோரு ஆண்டுகள் ஒரு நாளிதழின் கடலூர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். எங்கள் செய்தி ஆசிரியர் இரண்டு விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொல்வார். ஒருவர் என்ன சொன்னார் என்பது எல்லா நிருபருக்கும் கிடைக்கும், அவர் முதலில் எதைக் கேட்டார் என்று கவனி. கண்ணில் பட்டதையெல்லாம் எழுதிக் கொடு, எதை விடுவது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். பிறகு அந்த அலுவலகத்தை மூடினார்கள். 2004இல் சிதம்பரத்தில் ராஜமாணிக்கத்தின் நிறுவனத்தில் சேர்ந்தேன்.

அது தனியார் பேருந்துகளுக்கு டிக்கெட் மிஷின் செய்து கொடுத்த நிறுவனம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மருந்துக்கடையின் மாடி. கண்டக்டர் ஏறும் இடத்துக்கு ஒரு பொத்தான், இறங்கும் இடத்துக்கு ஒரு பொத்தான் அழுத்தினால் சீட்டு வரும். மிஷினில் சேர்வது அன்றன்றைக்கு எங்கள் சர்வருக்கு வந்துவிடும். எந்த டிரிப்பில், எந்த ஸ்டேஜில் எத்தனை பேர் ஏறினார்கள், எங்கே இறங்கினார்கள் என்பதை மறுநாள் காலையில் வண்டி முதலாளி பார்த்துக்கொள்வார். மிஷினைப் பயன்படுத்தும் முறையைத் தமிழில் எழுதவும் புகார் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளவும் என்னை எடுத்தார்கள். போகப் போக அலுவலகத்தில் எழுத வேண்டியது எல்லாமே என்னிடம் வந்தது.

‘மிஷின் வேலை செய்யவில்லை’ என்று புகார் எழுத நான் யாரையும் விடமாட்டேன். எந்த வண்டி, எந்த டிரிப், எந்த ஊரைத் தாண்டியதும், யார் கையில் இருந்தபோது என்று கேட்டுத்தான் எழுதுவேன். ராஜமாணிக்கம் காலையில் வந்ததும் முதலில் அந்தப் புத்தகத்தைத்தான் படிப்பார். ஒரு முறை, ஒரே கண்டக்டரின் மிஷினில் மட்டும் சீட்டு இரண்டு இரண்டாக வருவதாக நான்கு நாட்களுக்கு எழுதியிருந்தேன். ஐந்தாம் நாள் ராஜமாணிக்கம் அந்த வண்டியில் ஏறிக் கண்டக்டருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். கடலூர் வரை அவர் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது அந்தக் கண்டக்டரின் கட்டைவிரலைப் பிடித்துப் பார்த்தார்.

“உங்க மிஷினு ஸ்கூல் புள்ளைங்க வெரலுக்குச் செஞ்சது சார்,” என்றார் கண்டக்டர். “எனக்குப் பொறந்ததுல இருந்து இந்த வெரல்தான்.”

அடுத்து வந்த மிஷின்களில் பொத்தான்கள் தள்ளித் தள்ளி இருந்தன.

ராஜமாணிக்கம் புவனகிரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். என்ஜினியரிங் படித்தவர். எந்த விஷயத்துக்கும் அன்றைக்கே பதில் சொல்லமாட்டார். கேட்பதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைப்பார். கேட்டு முடித்ததும் அதைக் கட்டிக்கொண்டு, “காலையில சொல்றேன்,” என்பார். காலை ஒன்பது மணிக்குச் சொல்வார். சொன்னதை மாற்றி நான் பார்த்ததில்லை.

மிஷின் வாங்கும் ஒவ்வொரு முதலாளியின் வீட்டுக்கும் அவரே போவார். வீட்டில் மிஷினைச் சாமி படத்துக்கு முன்னால் வைப்பார்கள். காபி வரும். குடித்துவிட்டு எழும்போது எல்லார் வீட்டிலும் ஒரே வார்த்தையைச் சொல்வார். “உங்க கலெக்‌ஷன் உங்களுக்கு மட்டுந்தான். இன்னொரு முதலாளி கண்ணுல படாது.” இந்த வாக்கியம் எங்கள் ஒப்பந்தத் தாளில் கிடையாது. சேர்க்கலாமே என்று ஒரு முறை கேட்டேன்.

“எழுதுனா சந்தேகம் வரும் பேப்பர் சார். இத ஏன் எழுதுறான்னு யோசிப்பாங்க. வாயால சொன்னாத்தான் நம்புவாங்க.”

அந்தத் தொழிலில் அது உண்மைதான். வண்டி முதலாளிகள் எதையும் எழுத்தில் கேட்கமாட்டார்கள். எழுத்து என்றால் யாரோ வழக்குக்குத் தயாராகிறார்கள் என்று அர்த்தம்.

கலெக்‌ஷனை அவர்கள் மூடிவைத்ததற்குக் காரணம் உண்டு. கடலூர் – சிதம்பரம் சாலையில் வண்டி வைத்திருப்பவருக்குச் சொத்து வண்டியல்ல, நேரம். எத்தனை மணிக்குப் புறப்படலாம் என்று பர்மிட்டில் எழுதியிருக்கும் அந்த நேரத்தை டைமிங் என்பார்கள். உங்கள் வண்டிக்கு ஏழு நிமிடம் முன்னால் இன்னொருவர் டைமிங் வாங்கிவிட்டால், வழியில் நிற்கும் ஆட்களை அவர் ஏற்றிக்கொண்டு போய்விடுவார், உங்கள் கண்டக்டர் காலி நிறுத்தங்களைப் பார்த்துக்கொண்டு போவார். ஆனால் எந்த நேரத்துக்கு முன்னால் போனால் லாபம் என்று வெளியாளுக்குத் தெரியாது. போட்டி முதலாளிகள் கண்டக்டர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்பார்கள். கண்டக்டர்கள் டீயைக் குடித்துவிட்டுப் பொய் சொல்வார்கள்.

காதர் பாயின் வண்டியை உதாரணமாகச் சொல்கிறேன், இந்தக் கட்டுரையே அவரைப் பற்றியதுதான். அவருக்கு இரண்டு வண்டிகள். ஒன்று காலை ஆறு நாற்பதுக்குச் சிதம்பரத்தில் புறப்படும். புறப்படும்போது பத்துப் பேர் இருப்பார்கள். கடலூரில் வந்து நிற்கும்போதும் பத்துப் பேர்தான். இரண்டு பேருந்து நிலையங்களிலும் பார்ப்பவர்கள், பாய் எதற்கு இந்த டிரிப்பை வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறார் என்று பேசுவார்கள். அவரும் ஆமாம் என்று தலையாட்டுவார். நடுவில் நடப்பது வேறு. பி.முட்லூரில் ஏறத் தொடங்குவார்கள், புதுச்சத்திரத்தில் நிற்க இடம் இருக்காது, ஆலப்பாக்கத்தில் படியில் தொங்குவார்கள். எட்டு மணி ஷிப்டுக்குப் போகிறவர்கள். தொழிற்சாலைகள் இருக்கும் குடிகாட்டில் மொத்தமாக இறங்கிவிடுவார்கள். மாலை ஐந்து பத்துக்குக் கடலூரில் புறப்படும் இன்னொரு வண்டியும் அப்படித்தான், காலியாகக் கிளம்பிக் குடிகாட்டில் நிறையும். இது தெரிந்தவர்கள் காதர் பாய், அவருடைய கண்டக்டர்கள், எங்கள் சர்வர்.

2009இன் கடைசியில் ராஜமாணிக்கத்துக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்தது. பிள்ளை வெளிநாட்டில். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். வெளியிலிருந்து மலிவான மிஷின்கள் வரத் தொடங்கியிருந்தன. அடுத்த ஆண்டு அவர் எங்களைக் கூப்பிட்டு, நிறுவனத்தை விற்கப்போவதாகச் சொன்னார். நாங்கள் இருபத்து மூன்று பேர். வாங்க வருகிறவர்களோடு பேசும்போது குறிப்பெடுக்க நான் உட்கார வேண்டும், சர்வர் பற்றிக் கேட்டால் சொல்ல அமலா உட்கார வேண்டும். அமலா கடலூர் முதுநகர்ப் பெண். அப்பா துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் மிஷின் ஓட்டியவர். மிஷினுக்குள் ஓடிய மென்பொருளில் பாதி அவள் எழுதியது.

முதலில் சென்னையிலிருந்து முதலீட்டாளர்கள் இருவர் வந்தார்கள். அவர்களுடைய முதல் கேள்வி: “அடுத்த நாலு வருஷம் நீங்க கூட இருப்பீங்களா சார்?” ராஜமாணிக்கம் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றித் தழும்பைக் காட்டினார். அரை மணி நேரம் மரியாதைக்குப் பேசிவிட்டுப் போனார்கள்.

இரண்டாவதாகக் கோயம்புத்தூரிலிருந்து சிவராஜ் என்பவர் வந்தார். எங்களைப் போலவே மிஷின் செய்யும் நிறுவனம், எங்களைவிடப் பெரியது. அவர் உட்கார்ந்ததும் கேட்டது: “இந்த ரெக்கார்டெல்லாம் யாருதுங்க? உங்களுதா, பஸ்காரங்களுதா?”

“அவுங்களுதுதான்,” என்றார் ராஜமாணிக்கம்.

“அப்ப நாங்க வாங்கறதுக்கு முன்னால அவங்கவங்களுக்குத் திருப்பிக் குடுத்துட்டு இங்க அழிச்சிருங்க. எங்களுக்கு வேண்டாங்க, தலைவலி. மிஷினும் கஸ்டமரும் போதும்.” பிறகு குரல் மாறாமல் சொன்னார். “இந்த ஆபீஸ மூடிருவோம்ங்க. அஞ்சு பேரு கோயம்புத்தூர் வந்தா வேலை இருக்குது. மத்தவங்களுக்கு ஆறு மாசச் சம்பளம் குடுத்துருவோம். முன்னாடியே சொல்லிப்போடறது நல்லது பாருங்க.”

அவர் படியிறங்கிப் போனதும் மிஷின் பழுது பார்க்கிற பையன்கள் அவருக்கு எமன் என்று பெயர் வைத்தார்கள்.

மூன்றாவது ஆள் கஜேந்திரன். எங்கள் வாடிக்கையாளர். அந்தச் சாலையில் பதினெட்டு வண்டிகள் ஓட்டியவர். ராஜமாணிக்கத்துக்குத் தூரத்துச் சொந்தம், மாமா என்று கூப்பிடுவார். காகிதம் எதுவும் கையில் இல்லாமல் தனியாக வந்தார். எங்கள் அலுவலகத்தில் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. அவர் வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார்.

“சர்வர் எந்த ரூம்ல மாமா இருக்குது?”

அதுதான் முதல் கேள்வி. ராஜமாணிக்கம் கண்ணாடிக் கதவைக் காட்டினார். கஜேந்திரன் எழுந்துபோய்க் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். “ஏசி ஜாஸ்தியா வச்சிருக்கீங்க,” என்றார். பிறகு வந்து உட்கார்ந்து ஒவ்வொருவர் பெயரையும் கேட்டார்.

“நீ யாரு வூட்டுப் பொண்ணும்மா?”

“முதுநகர் சார். அப்பா ஹார்பர்ல வின்ச் ஓட்டுனாரு.”

“நம்ம பக்கந்தான். நீங்க என்னா பேப்பர்காரரே, எல்லாத்தையும் எழுதிக்கிறீங்க?” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு ராஜமாணிக்கத்திடம் சொன்னார். “ஒருத்தரையும் வேலைய வுட்டு அனுப்ப மாட்டேன் மாமா. ஆபீஸு இங்கியே இருக்கும். உங்க ஆளுங்க என் ஆளுங்க.”

முதலில் கேட்ட கேள்வியை அவர் சொன்ன அதே வார்த்தைகளில் என் குறிப்பில் எழுதிவைத்தேன். ஒரு வண்டி முதலாளிக்குச் சர்வரில் என்ன வேலை என்பது எனக்கு அப்போதே புரிந்தது. ராஜமாணிக்கத்திடம் நான் அதைச் சொல்லவில்லை. கோயம்புத்தூர் போகும் ஐந்து பேரில் என்னைப் போன்ற ஐம்பத்தாறு வயதுக்காரன் இருக்கமாட்டான். என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். இவை காரணங்கள். சொல்லாமல் விட்டது சொல்லாமல் விட்டதுதான்.

கஜேந்திரன் போன பிறகு அமலா ஒரு யோசனை சொன்னாள். பணியாளர்கள் நாங்களே வாங்கிக்கொள்கிறோம், வருகிற வருமானத்திலிருந்து ஆண்டுக்கு ஆண்டு கொடுத்து அடைக்கிறோம் என்றாள். ராஜமாணிக்கம் கடிகாரத்தைக் கழற்றிக் கவிழ்த்தார்.

“உங்ககிட்ட என்னாம்மா இருக்குது?”

“நாங்க இருக்கோம் சார். வாங்குறவரு எங்களத்தான வாங்குறேங்கறாரு?”

மறுநாள் ஒன்பது மணிக்கு, முடியாதும்மா என்றார். சம்பளம் வாங்குகிறவர்களிடம் கடனுக்கு விற்றுவிட்டு, மாதாமாதம் அவர்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டு வாங்கத் தன்னால் ஆகாது என்றார். கூடவே, கஜேந்திரனுக்குக் கொடுப்பதாக முடிவு செய்திருப்பதையும் சொன்னார். அலுவலகத்தில் எல்லாருக்கும் மூச்சு வந்தது. எனக்கும்.

விற்பனைப் பத்திரத்தோடு இணைக்க, நிறுவனத்தில் இருப்பவற்றின் பட்டியலை எழுதும் வேலை என்னுடையது. மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். கையிருப்பு மிஷின்கள், உதிரி பாகங்கள், மேசை நாற்காலி, மென்பொருள், அதன் உரிமை, வாடிக்கையாளர் ஒப்பந்தங்கள் என்று போய்ப் பதினொன்றாவதாக எழுதினேன்: ‘2004 முதல் இன்றுவரை அனைத்துப் பேருந்துகளின் டிரிப் வாரியான, ஸ்டேஜ் வாரியான பதிவுகள்.’ இப்படி எழுதச் சொல்லி யாரும் என்னிடம் கேட்கவில்லை. இருந்தது, எழுதினேன். அது எனக்குப் பழகிய வேலை.

ஒரு பிற்பகல் அதை ராஜமாணிக்கத்தின் அறையில் சத்தமாக வாசித்தேன். அமலாவும் இருந்தாள். ஒவ்வொரு வரிக்கும் அவர் விரலால் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார், அடுத்ததற்குப் போ என்று பொருள். பதினொன்றில் தட்டு வரவில்லை.

“இது எதுக்கு?”

“இருக்கறத எழுதணும் சார். விட்டா, பின்னால மறைச்சதா ஆயிடும்.”

“சார், அது நம்மளுது இல்ல,” என்றாள் அமலா. “கோயம்புத்தூர்க்காரர்கிட்ட நீங்கதான சொன்னீங்க?”

அவர் ஏற்கெனவே கழற்றி வைத்திருந்த கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். “காலையில சொல்றேன்.”

காலையில் சொன்னார். முதல் நாள் மாலையே கஜேந்திரனோடு பேசியிருக்கிறார். அந்த வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார். “‘அப்ப வேணாம் மாமா, மிஷினு கடையில கெடைக்குது’ங்கறான்.” கொஞ்ச நேரம் புகார் புத்தகத்தைப் புரட்டினார். “ஆனா வாக்குக் குடுத்திருக்கான். எடுத்துப் பாக்க மாட்டேங்கறான். வரி இருக்கட்டும்.”

“பாக்கலன்னா எதுக்கு சார் அதக் கேக்குறாரு?”

“இருபத்து மூணு பேரும்மா,” என்றார் ராஜமாணிக்கம். அந்த இருபத்து மூன்றில் அமலாவும் இருந்தாள். அவளுடைய தம்பியின் படிப்பு அந்தச் சம்பளத்தில் நடந்துகொண்டிருந்தது.

பத்திரம் கையெழுத்தானது. அடுத்த திங்கட்கிழமை கஜேந்திரனின் கடலூர் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அரை நாளில் பதிவுகளையெல்லாம் பிரதி எடுத்துக்கொண்டு போனார்கள். வழக்கப்படி வருகைப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கினேன். ராஜமாணிக்கம் அந்த வாரத்தோடு வருவதை நிறுத்திக்கொண்டார். ஒரு வருடத்துக்குள் போய்ச் சேர்ந்தார். பிறகு நடந்தவற்றில் எவ்வளவு அவர் காதுக்குப் போனது என்று எனக்குத் தெரியாது.

கஜேந்திரன் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். ஒருவரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. தீபாவளிக்குச் சட்டை வந்தது.

ஏழாம் மாதம், சிதம்பரத்தில் காலை ஆறு முப்பத்து மூன்றுக்குப் புறப்பட அவர் ஒரு டைமிங் கேட்டார். இதற்காகப் போக்குவரத்து அதிகாரி முன்னிலையில் கூட்டம் நடக்கும். அந்த வழியில் வண்டி ஓட்டுகிறவர்கள் ஆட்சேபணை சொல்லலாம். காகிதங்களைத் தூக்கிக்கொண்டு என்னையும் வரச் சொல்லியிருந்தார் கஜேந்திரன். நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

காதர் பாய் எழுந்தார். அவர் என்ன சொல்ல முடியும்? அந்த நேரத்தில் கூட்டம் இருக்கிறது என்று சொன்னால், கூட்டத்துக்கு இன்னொரு வண்டி வேண்டும்தானே என்பார்கள். அவர் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்ததையே சொன்னார்.

“அந்த நேரத்துக்கு ஆளே இல்ல சார். நானே பத்துப் பேர வச்சு ஓட்டிக்கினு இருக்கறேன்.”

“அப்ப பாய்க்கு என்னா நஷ்டம்?” என்றார் கஜேந்திரன், மரியாதையாக. “சிதம்பரத்துல பத்துப் பேருதான் சார். பி.முட்லூர்ல இருந்து குடிகாடு வரைக்கும் வேலைக்குப் போற ஜனங்க தொங்கிக்கினு போறாங்க. அதுவும் திங்கக்கிழமைன்னா புதுச்சத்திரத்துல பாதிப் பேர வுட்டுட்டுப் போவுது பாய் வண்டி. பாவம் ஜனங்க.”

திங்கட்கிழமை விஷயம் சாலையில் நின்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. பல ஆண்டுப் பதிவைப் பார்த்தவனுக்குத் தெரியும். காதர் பாய் திரும்பினார். கஜேந்திரனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

கஜேந்திரனுக்கு அந்த டைமிங் கிடைத்தது. அதிகாரியின் முன்னால் இருந்த காகிதங்களின்படி அவர் கொடுத்த உத்தரவில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு மிஷின்கள் திரும்பி வரத் தொடங்கின. முதலாளிகள் யாரும் சண்டை போடவில்லை. ஒருவர் அரிசிப் பையில் போட்டு மூன்று மிஷின்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, “வேற வாங்கிக்கினோம் சார்,” என்று சொல்லிப் போனார். புகார் புத்தகத்தில் எழுத ஒன்றும் இல்லாமல் போனது. எட்டு மாதத்தில் எங்கள் மிஷின் ஓடியது கஜேந்திரனின் வண்டிகளிலும் இன்னும் நாலைந்து பேர் வண்டிகளிலும்தான். கஜேந்திரனுக்கு அது நஷ்டமே இல்லை. அவருக்கு வேண்டியது முதல் திங்கட்கிழமையே கிடைத்துவிட்டது. வேலையில்லாத இடத்தில் ஆட்கள் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார்கள்? ஒவ்வொருவராகத் தாங்களே போனார்கள். கோயம்புத்தூர்க்காரர் கொடுப்பதாகச் சொன்ன ஆறு மாதச் சம்பளம் அவர்களில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை.

அமலா கேட்டதற்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். நிறுவனத்தை வாங்க வருகிறவர்களைத் தொழிலில் இருப்பவர், முதலீட்டாளர், வாடிக்கையாளர், சொந்த ஆட்கள் என்று வகை பிரிப்பார்கள். யார் அதிகம் தருவார், யார் ஆட்களை வைத்துக்கொள்வார் என்று பார்ப்பார்கள். நாங்களும் அப்படித்தான் பார்த்தோம். நாங்கள் பார்க்கத் தவறியது வேறு. நம் பொறுப்பில் இருக்கிற, நமக்குச் சொந்தமில்லாத ஒன்று எல்லா நிறுவனத்திலும் இருக்கும். வருகிறவர்களில் அதைக் கொண்டு நம்மை நம்பியவர்களுக்குக் கெடுதல் செய்யக்கூடிய ஆள் யார் என்று பார்க்க வேண்டும். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், எத்தனை பேருக்கு வேலை தருவதாகச் சொன்னாலும் அவருக்கு விற்கக் கூடாது. வாடிக்கையாளர்களில் ஒருவருக்கு விற்றால் மற்ற எல்லா வாடிக்கையாளரையும் அவருக்கு விற்றதாக ஆகும். உன் மென்பொருளில் கிடப்பது எந்த டாக்டர் எந்தப் பரிசோதனை நிலையத்துக்கு ஆள் அனுப்புகிறார் என்ற விவரம். மருத்துவமனை முதலாளி உன்னிடம் முதலில் எதைக் கேட்டார் என்று எனக்குச் சொல்லவில்லை நீ.

இனி, நான் வாயால் சொல்லியிருந்தால் முழுங்கியிருக்கக் கூடிய பாதி.

2011இல் ஒரு காலை நேரம் காதர் பாய் அலுவலகத்துக்கு வந்தார். காலை வண்டியை விற்றுவிட்டிருந்தார். கையில் மிச்சம் இருந்தது மாலை ஐந்து பத்து வண்டி. அதன் மிஷினை மேசைமேல் வைத்தார். அவர் குரலில் கோபம் இல்லை.

“காலை வண்டி போச்சு. அது போவட்டும். சாயங்கால வண்டியில எம்புள்ளைங்க ரெண்டு பேரு வயிறு இருக்குது. அதோட கணக்கு எல்லாம் உங்க கம்ப்யூட்டர்ல இருக்குதுல்ல, அத அழிச்சுக் குடுத்துடுங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

அமலா என்னைப் பார்த்தாள். கடலூரில் பிரதி இருப்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவருக்குத் தெரியாது. பதிவுகள் எங்கள் மாடியில் மட்டும் இருப்பதாகவும், கஜேந்திரன் வேண்டும்போது இங்கிருந்து கேட்டு வாங்குவதாகவும் அவர் நினைத்திருந்தார்.

“அழிச்சுக் குடும்மா,” என்றேன்.

அவள் உட்கார்ந்து அழித்தாள். காதர் பாய் அவளுக்குப் பின்னால் நின்று, வண்டி எண் திரையில் ஒரு வரியாக இருந்து இல்லாமல் போவதைப் பார்த்தார். “அல்ஹம்துலில்லாஹ்,” என்றார். பிறகு என்னிடம் வந்தார்.

“ஒரு வரி எழுதிக் குடுங்க சார்.”

அந்தத் தொழிலில் எழுத்தில் கேட்ட முதல் முதலாளி அவர்தான். அலுவலகத் தாளை எடுத்தேன். எழுதினேன். ‘இந்த அலுவலகத்தில் இருந்த, தங்கள் பேருந்துகள் தொடர்பான பதிவுகள் அனைத்தும் இன்று தங்கள் முன்னிலையில் அழிக்கப்பட்டன.’ தேதி போட்டேன், கையெழுத்துப் போட்டேன், முத்திரை வைத்தேன். கடலூரில் ஒரு பிரதி இருக்கிறது என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் கஜேந்திரனுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும், ஓய்வு பெற எனக்கு ஓராண்டுக்குச் சற்று அதிகமாக மிச்சமிருந்தது.

அவர் உதடு அசைய இரண்டு முறை படித்தார். “ராஜமாணிக்கம் சாரு வாயால சொன்னாரு. நீங்க எழுத்துல குடுத்துட்டீங்க. இது போதும்.” நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

“கடலூர்ல இருக்கறது?” என்றாள் அமலா.

“அவரு கேக்கல.”

அந்த மாதக் கடைசியில் அவள் வேலையை விட்டாள். என்னிடம் விடை பெற்றுக்கொண்டு போனாள். அப்போது நான் செய்ததற்கு ஒரே வார்த்தைதான் உண்டு. இதுவரை அவளும் அதைச் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. ஏமாற்றினேன்.

2012இன் தொடக்கத்தில் கடலூரிலிருந்து மாலை ஐந்து மூன்றுக்கு டைமிங் கேட்டுக் கஜேந்திரன் மனுப் போட்டார். மறுபடியும் கூட்டம். மறுபடியும் நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில். காதர் பாய் இந்த முறை ஆள் இருக்கிறது, இல்லை என்று எதையும் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பிரித்து அதிகாரியின் மேசையில் வைத்தார்.

“என் கணக்கப் பாத்துத்தான் சார் இவரு டைமிங் கேக்குறாரு. அந்தக் கணக்கே இப்ப இல்ல. அழிச்சாச்சு. பாருங்க, எழுத்துல இருக்குது.”

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். எதிரில் இருந்த கஜேந்திரனின் மனுவையும் ஒரு முறை பார்த்தார். அதில் குடிகாட்டில் ஏறுகிறவர்களின் எண்ணிக்கை கிழமைவாரியாக இருந்தது.

“அந்த ஆபீஸ்ல இருந்தத அழிச்சாங்கன்னுதான் பாய் இதுல இருக்குது. வேற எங்கியும் இல்லன்னு இல்ல.” தாளைத் திருப்பிக் கொடுக்கக் கை நீட்டியவர், ஒரு கணம் நிறுத்தி மறுபடியும் படித்தார். “ரொம்பக் கவனமா எழுதியிருக்காங்க. யாரு எழுதுனது?”

காதர் பாய் தாளை வாங்கிப் பழைய மடிப்பிலேயே மடித்தார்.

“தோ, அங்க உக்காந்திருக்காரே சார்,” என்றார். “அவருதான்.”